அப்பாவின் ஸ்போர்ட்ஸ் கார்: ஓட்டலாமா, பூட்டி வைக்கலாமா?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 54. கொஞ்சம் நிலம், ஓர் உரக்கடை. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். 1965இல் அங்கே புதிதாக எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, ஸ்போக் சக்கரம். 1970இல் ஊர் திரும்பியபோது கார் சரக்குக் கப்பலில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தது. அப்பா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் அப்பாவும் அம்மாவும் அந்தக் காரில் ராஜகோபால சுவாமி கோயிலுக்குப் போய் வருவது வழக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் கொட்டகைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. நாலு நாள் நனைந்த காரைத் துடைத்து, தார்ப்பாய் போட்டு மூடியதோடு சரி. அப்புறம் அது ரோட்டைப் பார்க்கவில்லை. ஆர்.சி. 2019இல் முடிந்துவிட்டது. அப்பா 2023இல் காலமானார். உயில் எழுதவில்லை.

இப்போது பிரச்சினை. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், "அதைத் தொடாதே. அது தங்கம் மாதிரி. மீட்டரில் 38,000 மைல்தான் இருக்கிறது, ஒரு மைல்கூட ஏறக் கூடாது. பத்து வருடம் பூட்டி வைத்தால் விலை எங்கேயோ போகும்" என்கிறார். ஜெர்மனியில் ஒரு பழைய கார் 135 மில்லியன் யூரோவுக்குப் போன செய்தியையும் அனுப்பியிருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தரகர் வந்து 15 லட்சம் தருவதாகவும், அதில் 5 லட்சம் ரொக்கமாக இன்றே தருவதாகவும் சொல்லியிருக்கிறார். வாசகருக்கு ஓட்ட ஆசை. "கார் என் கொட்டகையில் இருக்கிறது, பார்த்துக்கொள்வது நான், அதனால் முடிவும் என்னுடையதுதானே?" என்று கேட்கிறார். 15 வருடம் தாண்டிய வண்டியை உடைத்துவிடுவார்கள் என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. எஞ்சின் கெடாமல் இருக்க மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் டிராக்டர் பேட்டரியை வைத்து ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுகிறாராம். கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 81 வயது. "ஒரு தடவை என்னை அதுல ஏத்திக்கிட்டுப் போடா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் வழக்கறிஞர். என் அப்பா தஞ்சாவூரில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் பட்டறையில்தான் உட்கார்ந்திருப்பேன். அதனால் இந்தக் கடிதத்துக்குச் சட்டம் மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதலில், கார் யாருடையது?

உங்களுடையது மட்டும் இல்லை. அண்ணனுடையதும் இல்லை. உயில் இல்லாமல் இறந்த ஓர் இந்து ஆணின் தனிச் சொத்து, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்காகப் போகும். உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்த தங்கையைப் பற்றி வருகிறது. அப்படியானால் அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை என்று நாலு பேர். ஆளுக்குக் கால் பங்கு. நாலு பக்கக் கடிதத்தில் அண்ணன் என்ன சொல்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று விரிவாக இருக்கிறது. தங்கையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மாவின் ஆசையை நீங்கள் பாசத்தோடு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவருக்குப் பங்கு இருப்பதை மறந்துவிட்டீர்கள்.

கொட்டகை உங்களுடையது, பராமரிப்பது நீங்கள் என்பதால் உரிமை கூடிவிடாது. அதே சமயம், "தொடாதே" என்று உத்தரவு போட அண்ணனுக்கும் கால் பங்குக்கு மேல் அதிகாரம் கிடையாது. நீங்கள் நால்வரும் கூட்டு உரிமையாளர்கள். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு முழுக் காரையும் விற்க முடியாது.

அதனால் முதல் வேலை தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ். இரண்டாவது வேலை, நால்வரும் உட்கார்ந்து (அண்ணன் வீடியோவில் வந்தாலும் சரி) யார் பெயரில் கார் இருக்கும், செலவை யார் ஏற்பது, எப்போது ஓட்டலாம், விற்றால் பணம் எப்படிப் பிரியும் என்று பேசி ஒரு குடும்ப ஏற்பாடாக எழுதிக்கொள்வது. கார் அசையும் சொத்து, அதனால் இதைச் சார்பதிவாளரிடம் போய்ப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் எழுதி, நால்வரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சி போட்டு வையுங்கள். வாய்ப்பேச்சு இன்றைக்கு இனிக்கும். பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் காலத்தில் அது நிற்காது.

ஆர்.சி.யை மாற்றவும் ஒரு கால வரம்பு உண்டு. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. அதனால் உரிமை போய்விடாது, அபராதம்தான் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் இறந்தவர் பெயரில், காலாவதியான ஆர்.சி.யோடு, காப்பீடு இல்லாமல் அந்தக் காரை ரோட்டில் ஏற்றி ஒருவர் மேல் பட்டுவிட்டால், இழப்பீடு முழுவதும் உங்கள் நிலத்தின் மேல்தான் வந்து விழும். அப்படி விற்றுப்போன நிலங்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் மட்டும் உங்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: காகிதம் முடியும்வரை ரோட்டில் ஒரு அடிகூட வேண்டாம்.

பூட்டி வைத்தால் காப்பாற்றியது ஆகுமா?

அண்ணன் தங்கம் என்கிறார். தங்கம் லாக்கரில் துருப்பிடிக்காது. கார் பிடிக்கும். அதுவும் நம் டெல்டாவில், ஐப்பசி கார்த்திகை மழையில், கொட்டகைக்கு நாலு பக்கமும் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது.

சில வருடங்களுக்கு முன், மயிலாடுதுறைப் பக்கம் அண்ணன் தம்பி வழக்கு ஒன்றில் நீதிமன்றம் என்னை ஆணையராக நியமித்தது. சொத்துப் பட்டியலில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருந்தது. வழக்கு முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று பூட்டிய கொட்டகை. பதினோரு வருடம் கழித்துத் திறந்தோம். மேலே பார்த்தால் பெயிண்ட் இன்னும் பளபளப்பாகத்தான் இருந்தது. இரண்டு தரப்புக்கும் சந்தோஷம். நான் குனிந்து கதவுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். பிஸ்கட் மாதிரி நொறுங்கி, பழுப்புத் தூளாகச் செருப்பில் கொட்டியது. உள்ளே இருக்கைக்கு அடியில் எலி கூடு கட்டி, வயரை எல்லாம் கத்தரித்து வைத்திருந்தது. அறுவடை முடிந்தால் வயல் எலி எங்கே போகும்? வீட்டுக்குத்தான் வரும்.

ஹெரால்டுக்காவது தனியாக ஒரு சேஸிஸ் உண்டு. உடம்பு போனாலும் எலும்பு மிஞ்சும். உங்கள் எம்.ஜி.பி.க்கு அது கிடையாது. அதன் உடம்பேதான் எலும்பு. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் பெட்டி போன்ற தகடுதான் மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது, அதிலும் மேலே கூரை இல்லாத கார். அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும். கஜாவில் நாலு நாள் நனைந்த கார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கவலை வந்தது அங்கேதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கார் தரையில் நிற்கும்போது கதவைத் திறந்து மூடி, கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கியபின் அதே கதவைத் திறந்து பாருங்கள். இடைவெளி மாறினாலோ, கதவு பிடித்தாலோ, கீழே உள்ள தகடு பலம் இழந்துவிட்டது. அப்படியானால் ஓட்டும் பேச்சும் முதலீட்டுப் பேச்சும் அப்புறம். முதலில் தகட்டு வேலை தெரிந்த நல்ல டிங்கர் ஒருவர் வேண்டும்.

மகன் செய்யும் ஐந்து நிமிட ஸ்டார்ட்டை நாளையோடு நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தோடு செய்கிறார், ஆனால் அது கெடுதல். எரியும் பெட்ரோலிலிருந்து நீராவியும் உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் எண்ணெயிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கிவிடும். ஒவ்வொரு ஞாயிறும் காருக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. ஓட்டினால் அரைமணி நேரம் முழுச் சூட்டில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டே செய்யக் கூடாது.

இன்னொன்று. அந்த வருடத்து எம்.ஜி.பி.யில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும், இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறாக. இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி வைத்து ஓடும் வண்டி அது. டிராக்டர் பேட்டரியை மகன் எப்படி மாட்டினார் என்று கேளுங்கள். நடுவில் எந்த மெக்கானிக்காவது மாற்றியிருக்கவும் கூடும். அது தெரியாமல் வயரைத் தொட வேண்டாம்.

பெட்ரோலும் உங்கள் அப்பா காலத்துப் பெட்ரோல் இல்லை. இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை இளக்கும். டாங்கில் மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கித் துருவாகும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் டாங்கைக் காலி செய்யுங்கள். பிரேக் எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சும். ஏழு வருடம் நின்ற காரில் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டர் பெரும்பாலும் இறுகியிருக்கும். டயரில் பூ எவ்வளவு இருந்தாலும் வயதானது வயதானதுதான், மாற்றுங்கள்.

மெக்கானிக்குக் கவலைப்படாதீர்கள். இந்த எஞ்சினின் குடும்பம் நம் ஊருக்குப் புதிதில்லை. நம் அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும், உங்கள் காரின் 1798 சிசி எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) செய்த ஒரே 'பி' வரிசை. என் அப்பா பட்டறைக்கு ஒரு முறை எம்.ஜி. ஒன்று வந்தபோது, பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம அம்பாசடரோட பெரியப்பா மகன்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டரின் தலையில் இருக்கும் மூடியைத் திருகி எடுத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, திரும்பத் திருகி, காதை வைத்துக் கேட்டு இரண்டையும் ஒரே மூச்சுக்குக் கொண்டுவருவார். பழைய அம்பாசடர் கை ஒன்று மன்னார்குடியிலோ திருவாரூரிலோ இன்னும் இருக்கும். தேடிப் பிடியுங்கள், அவர்களுக்கு வயதாகிறது.

135 மில்லியன் யூரோ கணக்கு

அண்ணன் அனுப்பிய செய்தி உண்மைதான். 2022 மே மாதம், மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹவுட் கூபே ஒன்று அந்த விலைக்குப் போனது. உலகத்தில் அந்தக் கார் செய்யப்பட்டதே இரண்டுதான். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கோடிக்கணக்கில் விலை போவதாகப் படிப்பீர்கள். அதில் செய்யப்பட்டவை 36. எம்.ஜி.பி.யோ 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். சம்பளக்காரர்களும் வாங்கி ஓட்டட்டும் என்று செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார், உங்கள் அப்பா வாங்கியதும் அப்படித்தானே. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது, ஊர்க் கோயில் உண்டியலையும் திருப்பதி உண்டியலையும் ஒப்பிடுகிற மாதிரி.

விலை ஏறிக்கொண்டே போகும் என்பதும் சரியில்லை. 1988இல் ஃபெராரி நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி இறந்த பிறகு பழைய கார்களின் விலை வெறிபிடித்த மாதிரி ஏறியது. 1990க்குப் பிறகு சரிந்தது. உச்சத்தில் வாங்கிப் பூட்டி வைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். கார் வட்டி தராது, குத்தகை தராது. மாறாகக் காப்பீடு, டயர், கொட்டகை என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஓட்டினால் மதிப்பு போய்விடும் என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. பிங்க் ஃபிளாய்டு இசைக்குழுவின் நிக் மேசன் 1977இல் ஒரு 250 ஜி.டி.ஓ. வாங்கினார். 36இல் ஒன்று. அதை அவர் ரோட்டில் ஓட்டுகிறார், பந்தயத்திலும் ஓட்டியிருக்கிறார். அதன் மதிப்பு குறையவில்லை. மைல் கணக்கு உயிர்போகும் விஷயமாக இருப்பது, புதிதாக வாங்கி உறைகூடப் பிரிக்காமல் வைத்திருக்கும் நவீனக் கார்களுக்கு. அறுபது வயதான உங்கள் காரில் 38,000 மைல் 39,000 ஆனால் எந்த வாங்குபவரும் கண்ணீர் விடப்போவதில்லை. இறுகிப்போன எஞ்சினைப் பார்த்தால்தான் விலையைப் பாதியாகக் குறைப்பார்.

அண்ணன் சொல்வதில் நியாயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் கடைக்கு எடுத்துக்கொண்டு போகும் வண்டி இல்லை அது. தாழ்ந்த வண்டி, நம் ஊர் வேகத்தடை அடிப்பாகத்தை உரசும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். ஒரு தடவை இடித்து, தகட்டை மாற்றி, புதுப் பெயிண்ட் அடித்துவிட்டால் அந்த முதல் பெயிண்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எம்.ஜி.பி.க்குப் புது உடம்பே இங்கிலாந்தில் கிடைக்கும், பாகங்களும் கிடைக்கும். ஆனால் உங்கள் அப்பா கை பட்ட தகடு கிடைக்காது.

உங்கள் காரில் உண்மையான மதிப்பு எங்கே இருக்கிறது என்றால், என் கணிப்பில், பாதி உங்கள் அப்பாவின் காகிதங்கள் இருக்கும் தகரப் பெட்டியில். 1970ஆம் வருடத்துச் சுங்க ரசீது, சிங்கப்பூர் வாங்கிய ரசீது, பழைய எண்ணோடு ஆர்.சி. புத்தகம், நாகப்பட்டினத்தில் எடுத்த போட்டோ, காணும் பொங்கல் போட்டோ. இந்தியாவில் பல வெளிநாட்டுப் பழைய கார்கள் சந்தையில் அடிபடுவதற்குக் காரணம் சுங்கக் காகிதம் இல்லாததுதான். ஒரே குடும்பத்தில் இருந்து, காகிதம் முழுதும் இருக்கும் கார் வேறு ரகம். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் உதிரி கிடைக்காமல் அம்பாசடர் எஞ்சினையே வைத்து ஓட்டியவர்கள் உண்டு. அப்படி இருந்தால் மறைக்காதீர்கள், விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எஞ்சின் மாறியது ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால்தான் சிக்கல். இங்கிலாந்தில் கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதினால், அந்தக் கார் எப்போது, எந்த நிறத்தில், எந்த எஞ்சினோடு வெளியே போனது என்று சான்றிதழ் தருவார்கள். அண்ணன் முதலீடு செய்ய ஆசைப்பட்டால் முதலில் அந்தச் செலவைச் செய்யட்டும்.

ஓட்டுவதென்றால் எந்தப் பதிவு?

15 வருட பயத்தை விடுங்கள். அந்தத் தடை டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு வந்தது, அரசு வாகனங்களுக்குத் தனி விதி இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு வயதை மட்டும் காரணமாகக் காட்டி உடைக்கச் சொல்ல முடியாது. ஓடத் தகுதியானது என்று ஆய்வாளர் சொன்னால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பது. எப்போது வேண்டுமானாலும், கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ ஓட்டலாம். ஆனால் 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்குக் கட்டணத்தை உயர்த்திவிட்டார்கள். உள்நாட்டுக் காருக்கு 10,000 ரூபாய் என்றால், இறக்குமதி ஆன நாலு சக்கர வண்டிக்கு 80,000. அதோடு தாமதக் கட்டணம், பசுமை வரி.

இரண்டாவது, 2021இல் வந்த விண்டேஜ் பதிவு. முதல் விற்பனைக்குப் பிறகு 50 வருடம் ஆன, உருவம் மாறாத வண்டிக்குக் கிடைக்கும். கட்டணம் 20,000, பத்து வருடத்துக்குச் செல்லும், அதன் பின் புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே உள்ள பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். மலிவாகத் தெரிகிறது, ஆனால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விண்டேஜ் பதிவு வாங்கினால் ஊர்வலம், கண்காட்சி, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போவது அந்தப் பட்டியலில் வராது. "பழுதுபார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும்.

என் யோசனை, பணம் கூடுதலானாலும் முதல் வழி. நாலு பங்காகப் பிரித்தால் ஆளுக்கு 20,000, ஐந்து வருடத்துக்கு. ஐந்து காணும் பொங்கல். அம்மா இருக்கும்வரை அந்தப் பதிவு இருக்கட்டும். பின்னால் நால்வரும் பேசி விண்டேஜுக்கு மாறிக்கொள்ளலாம்.

காப்பீடு எடுக்கும்போது, வழக்கமான தேய்மானக் கணக்கில் காரின் மதிப்பைப் போட விடாதீர்கள். மதிப்பீட்டாளர் அறிக்கை வாங்கி, நிறுவனமும் நீங்களும் ஒப்புக்கொண்ட தொகையைப் பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு இருதரப்பும் பேசித்தான் மதிப்பு முடிவாகும். இல்லாவிட்டால் புயலில் மரம் விழுந்தால் ஒரு பழைய இரும்பின் விலைதான் கைக்கு வரும்.

விற்பதென்றால்

விற்பது தப்பில்லை. நால்வரும் ஒப்புக்கொண்டால் விற்கலாம். ஆனால் அந்தத் தரகரிடம் 5 லட்சம் ரொக்கம் வாங்காதீர்கள். ஒரு பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. பெயர் மாற்றம் முடியாமல் காரைக் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்துக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வரி பற்றி உங்கள் நண்பர் பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருள் மூலதனச் சொத்தில் சேராது. நகை, ஓவியம், சிற்பம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, கார் அதில் இல்லை. குடும்பம் ஏறி இறங்கிய காரை விற்றால் மூலதன ஆதாய வரி பொதுவாக வராது. இப்போது அண்ணன் சொல்வதை யோசியுங்கள். யாரும் தொடாமல், விலை ஏறினால் விற்பதற்கென்றே பத்து வருடம் பூட்டி வைத்தால், அது சொந்த உபயோகம்தானா என்று அதிகாரி கேட்க இடம் கொடுத்தது யார்? குடும்ப ஏற்பாட்டில் 'முதலீடு' என்ற சொல்லே வர வேண்டாம். விற்கும் நிலை வந்தால் உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணனோடு சண்டை போடாதீர்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு அப்பாவின் காரைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி, தொடாதே என்பதுதான். கதவுக்குக் கீழே உள்ள தகட்டை டார்ச் அடித்து வீடியோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள். கட்டைவிரலால் அழுத்துவதையும் எடுங்கள். அது நொறுங்குகிறதா, நிற்கிறதா என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். என் வாதத்தைவிட அது நன்றாகப் பேசும்.

வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம், தகட்டு வேலை, பிரேக், எஃப்.சி. எல்லாம் முடிய ஏழெட்டு மாதம் ஆகும். மழைக்காலத்துக்கு முன்னால் தகட்டு வேலையை முடித்துவிடுங்கள். வருகிற பொங்கலுக்கு முடியாமல் போகலாம், அதற்கடுத்த பொங்கலுக்கு முடியும்.

"எங்கள் களத்துக்குள்ளேயே ஒரு ரவுண்டு அடிக்கலாமா, அது சொந்த இடம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் காப்பீட்டுக்கான பிரிவு பொது இடத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் பதிவுக்கான 39ஆம் பிரிவில் 'பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ' என்றே இருக்கிறது. அதோடு ஏழு வருடமாகப் பார்க்காத பிரேக். வேண்டாம்.

ஆனால் நிற்கிற காரில் அம்மா உட்கார எந்தப் படிவமும் தேவையில்லை. தார்ப்பாயை எடுங்கள், இருக்கைக்கு அடியில் எலியோ பாம்போ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், துணிக்கூரையை மடக்குங்கள். இருக்கை ரொம்பத் தாழ்வு, 81 வயதில் இறங்கி உட்காருவது கஷ்டம். இடது பக்கக் கதவருகே ஒரு முக்காலி போட்டு, முதலில் அதில் உட்காரவைத்து, பிறகு மெதுவாக உள்ளே நகர்த்துங்கள். பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். தங்கையையும் வரச் சொல்லுங்கள், அண்ணனுக்கு வீடியோ போடுங்கள். நாலு பங்குதாரர்களும் அங்கே இருப்பீர்கள், பேச வேண்டியதை அங்கேயே பேச ஆரம்பிக்கலாம்.